லினக்ஸ் சிக்கலுக்கு எங்கே கேட்பது: கேள்விபதில் தளமா, மன்றமா, டெலிகிராம் குழுவா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு, விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினியில் இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவலாமா என்று கேட்பவர்களைச் சென்னையில் அடிக்கடி சந்திக்கிறேன். நிறுவுவது இன்று பெரிய வேலையில்லை. வைஃபை கிடைக்காதபோதும், அச்சுப்பொறி அசையாதபோதும், தமிழ்99 விசைப்பலகை ஒழுங்காக இயங்காதபோதும் யாரிடம் போவது என்பதுதான் கடினமான கேள்வி. கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கணினியைக் கொண்டுபோனால் பெரும்பாலும் விண்டோஸையே திரும்பப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். ஆகவே இணையச் சமூகங்களை நாடுவதே வழி. அவை எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. எந்தச் சிக்கலை எங்கே கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அமைகிறது.

தேடுபொறியில் ஒரு பிழைச்செய்தியை இட்டால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்குரிய ஆஸ்க் உபுண்டு. 2010-இல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்விபதில் தளக் குடும்பத்தில் ஒன்றாகத் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில் ஒரு கேள்வி, அதற்கான விடைகள், விடைகளுக்கான வாக்குகள் என்பதோடு அமைப்பு முடிந்துவிடுகிறது. நீண்ட உரையாடலுக்கு அங்கே இடமில்லை. அதன் வலிமையும் அதுவே, குறையும் அதுவே. கேள்வி தெளிவாக இருந்து, ஏற்கெனவே பலர் சந்தித்த சிக்கலாகவும் இருந்தால், சில நிமிடங்களில் தீர்வு கைக்கு வந்துவிடும். ஆனால் லினக்ஸ் மின்ட் பயன்படுத்துபவர், அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது என்றாலும், அங்கே கேள்வி கேட்க முடியாது; அவருக்கு யுனிக்ஸ் அண்ட் லினக்ஸ் என்ற சகோதரத் தளமே உரிய இடம். ஆதரவுக் காலம் முடிந்த உபுண்டு பதிப்பைப் பற்றிய கேள்வியையும், முன்பே கேட்கப்பட்ட கேள்வியையும் மூடிவிடுவார்கள். புதியவர்களுக்கு இது முகத்தில் கதவைச் சாத்துவது போலத் தோன்றும். தளம் தூய்மையாக இருப்பதற்கு அந்தக் கண்டிப்பு தேவைப்படுகிறது என்பதையும் நான் ஏற்கிறேன்.

இந்தத் தளத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்துவது விடைகளின் வயது. கணினி இயங்கும்போது சேவைகளைத் தொடக்கிவைக்கும் அமைப்பாக, உபுண்டு 15.04-இல் அப்ஸ்டார்ட் போய் சிஸ்டம்டி வந்தது, 17.10-இல் வலையமைப்பு அமைவுக்கு நெட்பிளான் வந்தது. இயல்பான திரை அமைப்பாக வேலண்டு 17.10-இல் வந்து, 18.04-இல் விலகி, 21.04-இல் மீண்டும் வந்தது. இவற்றுக்கு முன் எழுதப்பட்ட விடைகள் நூற்றுக்கணக்கான வாக்குகளோடு இன்றும் மேலே நிற்கின்றன. ரியல்டெக் 8821சிஇ என்ற வைஃபை சில்லு நல்ல எடுத்துக்காட்டு. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் இருக்கும் இந்தச் சில்லுக்கு ஒரு காலத்தில் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து இறக்கி நாமே கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பின்னர் வந்த பதிப்புகளிலேயே அதற்கான ஆதரவு சேர்ந்துவிட்டது. பழைய விடையை இன்று அப்படியே பின்பற்றுபவர், சரியாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரோடு இன்னொன்றை மோதவிட்டு இருப்பதையும் இழக்க நேரிடும். வாக்கு எண்ணிக்கை பல நேரங்களில் விடையின் தரத்தைவிட அதன் வயதையே காட்டுகிறது. எனவே ஒரு விடையைப் படிக்கும்போது எழுதப்பட்ட ஆண்டையும் குறிப்பிடப்பட்ட பதிப்பையும் முதலில் பார்க்க வேண்டும். என் கருத்தில், புதியவர்களுக்கு ஆஸ்க் உபுண்டு படிப்பதற்கான இடம். கேட்பதற்கான இடம் வேறு.

கேட்பதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது அந்தந்த டிஸ்ட்ரோவின், அதாவது உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகையின், சொந்த மன்றத்தைத்தான். மூடிய மடிக்கணினியைத் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது என்ற சிக்கலை எடுத்துக்கொள்வோம். கெர்னல் பதிப்பு, கிராஃபிக்ஸ் டிரைவர், பயோஸ் பதிப்பு, முந்தைய முறை கணினி இயங்கியபோது பதிவான லாக் ஆகிய எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் காரணத்தை ஊகிக்கவே முடியும். ஒரே கேள்வியில் இவற்றை அடக்குவது புதியவரால் ஆகாது. மின்ட் மன்றத்தில் இத்தகைய கேள்வி எழுந்தால், கணினியின் விவரங்களைத் தொகுத்துக் காட்டும் இன்க்ஸி என்ற கருவியை ஓட்டி அதன் வெளியீட்டை ஒட்டச் சொல்வார்கள். அவர்கள் தரும் கட்டளையில் இசட் என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும். வலையட்டை முகவரி, வரிசை எண் போன்ற அடையாளங்களை மறைப்பதற்காகவே அது இருக்கிறது என்பதால், அதை நீக்காமல் அப்படியே ஓட்ட வேண்டும். பிறகு கேள்வியும் பதிலுமாக இழை நீளும். விடை வர ஒரு நாள் ஆகலாம். ஆனால் தீர்ந்ததும் தலைப்பில் அதைக் குறிக்கும் வழக்கம் இருப்பதால், அடுத்து வருபவருக்கும் அந்த இழை பயன்படும். உபுண்டுவின் பழைய மன்றம் புதிய இடுகைகளை ஏற்பதை நிறுத்திவிட்டதால், உபுண்டு பயனர்கள் அதன் டிஸ்கோர்ஸ் தளத்தில் கேட்க வேண்டும்.

ஆர்ச் லினக்ஸ் மன்றம் தனிவகை. அங்கே ஆர்ச் பயனர்களுக்கு மட்டுமே உதவுவார்கள். மஞ்சாரோ போன்ற வழித்தோன்றல்களைப் பயன்படுத்துபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மஞ்சாரோ தன் மென்பொருள் தொகுப்புகளைச் சில காலம் நிறுத்திவைத்து வெளியிடுவதால், இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மென்பொருள் இருக்காது. ஆகவே அந்த விதி காரணமற்றது அல்ல. ஆனால் ஆர்ச் விக்கி எல்லோருக்கும் திறந்தது. புளூடூத் ஹெட்செட்டில் மைக் வேலை செய்யாததற்கோ, பைப்வயர் ஒலியமைப்பின் குழப்பங்களுக்கோ அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. தொகுப்புகளின் பெயர்களையும் நிறுவும் கட்டளையையும் மட்டும் நம் டிஸ்ட்ரோவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

நேரடி அரட்டை வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையில், ஃப்ரீநோட் என்ற வலையமைப்பில் இருந்த சமூகங்கள் பலவும் 2021 மே மாதத்தில் லிபெரா சாட் என்ற வேறொரு வலையமைப்புக்கு இடம்பெயர்ந்தன. மின்ட் தன் 22-ஆம் பதிப்பில் ஐஆர்சி செயலியான ஹெக்ஸ்சாட்டுக்குப் பதிலாக மேட்ரிக்ஸ் என்ற புதிய அரட்டை முறையைச் சேர்த்தது. நமக்கு மேட்ரிக்ஸே பொருத்தம். சென்னையில் இரவு ஒன்பது மணி என்பது நியூயார்க்கில் காலை நேரம். ஐஆர்சியில் கேள்வி கேட்டுவிட்டு மடிக்கணினியை மூடினால் பின்னர் வரும் விடை நமக்குத் தெரியாது, மேட்ரிக்ஸில் மறுநாள் காலையிலும் அது காத்திருக்கும்.

தமிழில் இயங்கும் டெலிகிராம், வாட்ஸாப் குழுக்களும், லினக்ஸ் பயனர் குழுக்களும் இவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்டவை. உலகளாவிய மன்றத்தில் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காத சில விடைகள் இங்கே உடனே கிடைக்கும். உபுண்டுவின் அமைப்புகளில் முதலில் தென்படும் தமிழ்99 தளவமைப்பு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற முறையில் இயங்குவது. ஆகவே ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழாது. பல மொழிகளின் உள்ளீட்டு முறைகளைத் தரும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்து, அதிலுள்ள தமிழ்99-ஐச் சேர்த்தால்தான் 'க்க' சரியாக வரும். தமிழ் தட்டச்சு செய்யாத ஒருவரிடம் இதைக் கேட்டால், அவருக்குக் குறை எது என்பதே புரியாது. அச்சுப்பொறியும் அப்படித்தான். நம்மூர்க் கடைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கேனான் எல்பிபி 2900, பொதுவான அச்சு மொழிகளுக்குப் பதிலாக கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவதால், லினக்ஸில் அதை இயக்குவது கடினம். வெளிநாட்டு மன்றத்தில் வேறு அச்சுப்பொறி வாங்கச் சொல்லிவிடுவார்கள். இங்கேயோ அதே அச்சுப்பொறியோடு போராடி வென்ற யாராவது ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

சென்னை லினக்ஸ் பயனர் குழுவான ஐஎல்யுஜிசியும், வாரந்தோறும் இணையவழியில் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் இன்னொரு வசதியைத் தருகின்றன. ஆங்கிலத்தில் விவரிக்கத் தெரியாத சிக்கலைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லலாம். "அண்ணா, ஸ்கிரீனைக் காட்டறேன், பாருங்க" என்று திரையைப் பகிரலாம். பிழைச்செய்தியின் பெயர்கூடத் தெரியாத நிலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குழு அரட்டையின் குறைகள் கடுமையானவை. டெலிகிராம் குழுவுக்குள் சொல்லப்பட்ட விடையைத் தேடுபொறியால் பெரும்பாலும் கண்டெடுக்க முடியாது. அடுத்த மாதம் அதே கேள்வி மீண்டும் வருகிறது, அதே நல்ல மனிதர் மீண்டும் தட்டச்சு செய்கிறார். செய்தியைப் பிரதி எடுத்து ஒட்டாமல் திரையைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பும் பழக்கமும் அங்கேதான் மிகுதி. தவறான கட்டளையை ஒருவர் தந்தால், மன்றத்தில் நாலு பேர் பார்த்துத் திருத்துவார்கள். வேகமாக ஓடும் அரட்டையில் அது கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே நிர்வாகி அதிகாரத்தோடு இயங்கும், சுடோ என்று தொடங்கும் கட்டளை எதையும், அது என்ன செய்யும் என்று விளங்காமல் ஓட்டக் கூடாது. முன்பின் தெரியாதவர் தனிச்செய்தியில் வந்து, எனிடெஸ்க் போன்ற செயலியின் வழியே உங்கள் கணினிக்குள் நுழைந்து சரிசெய்து தருவதாகச் சொன்னால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் மறுத்துவிட வேண்டும்.

ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காக மன்றங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. அங்கே விடை சொல்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. பிழைச்செய்தி முழுமையாக இருந்தால் சொற்றொடர்ப் பிழைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. கணினியைத் தமிழ் இடைமுகத்தில் வைத்திருப்பவர்கள், கட்டளையை இயக்கும்போது எல்சி_ஆல் என்ற மாறியை 'சி' என்று அமைத்துக்கொண்டால் அந்தச் செய்தி ஆங்கிலத்திலேயே வரும். அதை அப்படியே ஒட்டலாம்.

தமிழ்க் குழுக்களில் பொறுமையாக விடை சொல்லும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ்99, எல்பிபி 2900 போன்றவற்றுக்கு நீங்கள் கண்ட தீர்வை, டிஸ்ட்ரோவின் பதிப்பு, கருவியின் மாதிரி எண், ஓட்டிய கட்டளைகள் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கட்டுரையாக எழுதிக் கணியம் போன்ற தமிழ்த் தளத்துக்கு அனுப்புங்கள். அங்கே கட்டுரைகள் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியாவதால், பதிப்பு மாறும்போது வேறொருவர் அதைத் திருத்தி மீண்டும் வெளியிடவும் முடியும்.