மார்கழியில் "புதுக் கருப்பட்டி" என்று விற்றால் நம்பி வாங்காதீர்கள்

திருநெல்வேலி டவுன் பக்கம் பொங்கல் சாமான் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உடன்குடிக் கருப்பட்டி, போன வாரம் காய்ச்சினது" என்று இந்த மாதத்தில் யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். கருப்பட்டிக்குப் பேர்போன தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம் மார்கழி மழையில் பனை ஏறுவதில்லை. பனையில் பாளை வந்து சீவத் தொடங்கவே தை, மாசி ஆகிவிடும். பங்குனியிலிருந்து ஆனி வரைதான் பதநீர் நன்றாக இறங்கும். மார்கழியில் கிடைக்கிற நல்ல கருப்பட்டி கோடையில் காய்ச்சி, ஈரம் படாமல் காத்து வைத்த பழைய சரக்காகத்தான் இருக்கும்.

நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து காலை ரயிலில் வந்தேன். அம்மாவின் பென்ஷன் விஷயமாக ஒரு அலுவலகம், கண்ணாடிக்குக் கால் மாற்ற ஒரு கடை என்று வேலைகள் இருந்தன. அதெல்லாம் நல்லபடியாக முடிந்தது. மதியத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போக வேண்டும். அவள் மகள் பெரிய மனுஷி ஆகியிருந்தாள். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்போம். தொலி உளுந்து, பச்சரிசி, நல்லெண்ணெய், கருப்பட்டி. பிள்ளையின் இடுப்புக்குப் பலம் என்று கொடுக்கிற பண்டம் அது. நல்லெண்ணெயும் கருப்பட்டியும் என் பொறுப்பு என்று நானே சொல்லியிருந்தேன்.

டவுனில் ஒரு கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. வாசலில் ஓலைப்பெட்டிகளை அடுக்கி, "ஒரிஜினல் உடன்குடி பனங்கருப்பட்டி" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கிலோ 380 ரூபாய் என்றார்கள். "சீனி சேராததுதானே அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அக்கா, பிள்ளைக்குக் கொடுக்கிற சாமான்லா, அதுல போய் கலப்போமா? போன வாரம் காய்ச்சி, நேத்துதான் லோடு இறங்குச்சு" என்றார். இரண்டு கிலோ வாங்கினேன். பில் கேட்டதற்கு, கடைப் பெயர் இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டில் "கருப்பட்டி 2 கிலோ, 760" என்று எழுதிக் கொடுத்தார். "பனங்கருப்பட்டி" என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எழுதவில்லை.

அங்கிருந்து பஸ்ஸில் சுலோச்சன முதலியார் பாலம் தாண்டி தோழி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் அம்மா திசையன்விளைக்காரர். சின்ன வயதில் பனை விளையில் பதநீர் காய்ச்சுகிற அடுப்புப் பக்கத்திலேயே வளர்ந்தவர். பெட்டியைப் பிரித்து ஒரு வட்டை எடுத்து அம்மிக் குழவியால் தட்டினார். உடைந்த இடத்தைப் பார்த்ததுமே, "எட்டி, இது சீனிக் கருப்பட்டிலா! எவன் கொடுத்தான் உனக்கு?" என்றார். சீனிக் கருப்பட்டி என்பது சீனியைக் காய்ச்சிக் கருப்பட்டி போல ஊற்றுவது. உடைந்த முகம் கல்கண்டு மாதிரி மினுக்கியது. பனங்கருப்பட்டி அப்படி மினுக்காது, உள்ளே மங்கலாகத்தான் இருக்கும் என்று, போன கோடையில் சொந்தக்காரர் கொடுத்ததைப் பரணிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வாயில் போட்டும் பார்த்தேன். அவருடையதில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய கரிப்பும் புகை வாசமும் நின்றன. நான் வாங்கியதில் வெறும் தித்திப்புதான்.

ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி ஆறவிட்டோம். பாத்திரத்தின் ஓரத்தில் சீனிப் பொருக்குக் கட்டியது. பிறகு தோழி தன் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். வட்டுகள் மட்டும் 1 கிலோ 740 கிராம். ஓலைப்பெட்டியையும் சேர்த்து நிறுத்து 2 கிலோ என்று காசு வாங்கியிருக்கிறார்கள். சீனி இன்றைக்குக் கிலோ 45 ரூபாய் போல விற்கிறது. இந்த வியாபாரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனிக் கருப்பட்டி என்றே சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் ஊரில் அது காலகாலமாக இருக்கிறது, வாங்குகிறவர்களும் தெரிந்தேதான் வாங்குகிறார்கள். உடன்குடிப் பெயரை அதன்மேல் ஒட்டி விற்பதுதான் அநியாயம். அந்தப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விடியுமுன் மரம் ஏறி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி, பதநீர் புளிக்காமல் இறக்கி, மணிக்கணக்காக அடுப்படியில் நின்று காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுகிறவர்களின் கூலி அல்லவா இப்படிக் களவு போகிறது? இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருப்பட்டிக் காப்பி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று பலர் குடிக்கிறார்கள். அசல் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதுவும் சர்க்கரையை ஏற்றும். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்.

சாயங்காலம் தோழியும் நானும் திரும்பக் கடைக்குப் போனோம். "உடைச்ச சாமான எப்படி எடுப்போம்?" என்றார். உடைக்காத வட்டுகளை நீட்டினோம். "தின்பண்டம் திருப்பி எடுக்கிறதில்ல" என்றார். எடையைச் சொன்னதும் "எல்லாக் கடையிலயும் பெட்டியோடதான் நிறுப்பாங்க" என்றார். தோழி புகார் என்ற வார்த்தையை எடுத்த பிறகு முந்நூறு ரூபாயை மேசைமேல் வைத்தார். நாங்கள் தொடவில்லை.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. அதில் சீட்டு, தொங்கவிட்ட அட்டை, உடைத்த வட்டு எல்லாவற்றின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன். எடைக் குறைவுக்குத் தொழிலாளர் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறோம், தராசுச் சட்டத்தைப் பார்ப்பது அவர்கள்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தோம்.

நீங்கள் வாங்கப் போனால் முதலில் ஒரு வட்டை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டி இல்லாமல் நிறுக்கச் சொல்லுங்கள். பொட்டலமாக விற்றால் அதில் 14 இலக்க எப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண், தயாரித்தவர் முகவரி, நிகர எடை இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கண்ணாலும் நாக்காலும் பார்ப்பது சந்தேகத்துக்குத்தான் உதவும், உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40-ஆம் பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கக் கேட்கலாம். ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தரம் குறைந்தது என்று தெரிந்தால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பிள்ளைக்கு அன்றைக்கு அவள் ஆச்சி பரணில் வைத்திருந்த கருப்பட்டியில்தான் களி கிண்டினோம். நான் வாங்கியதில் உடைக்காத வட்டுகளைச் சீட்டோடு கட்டி வைத்திருக்கிறேன். அதிகாரிகள் கடையில் மாதிரி எடுத்தார்களா, முடிவு என்ன என்பது தெரிந்ததும் எழுதுகிறேன். அதுவரை, கடைப் பெயர் போட்ட பில்லில் "பனங்கருப்பட்டி" என்று எழுதித் தராத எவரிடமும் அந்த விலை கொடுத்து வாங்க வேண்டாம்.