கிராஞ்சிக்குப் பிறகு: சுங்கை பீசியா, ஹாங்காங்கா?

2024 அக்டோபர் 5 அன்று சிங்கப்பூரின் கிராஞ்சி மைதானத்தில் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடியது. 1842-இல் ஃபேரர் பார்க் பக்கம் தொடங்கி, 1933-இல் புக்கித் தீமாவுக்கும் 1999-இல் கிராஞ்சிக்கும் இடம் மாறிய ஒரு மரபு அத்துடன் முடிந்தது. குதிரையை நேரில் பார்த்தால்தான் மனசு ஆறும் என்பவர்கள் இனி வெளிநாடுதான் போக வேண்டும்.

பக்கத்தில் இருப்பது கோலாலம்பூரின் சுங்கை பீசி மைதானம். பஸ் ஏறினாலே போதும், செலவும் குறைவு. கிராஞ்சியில் ஓடிய குதிரைகள் சில அங்கே போய்விட்டதால் பந்தய அட்டையில் தெரிந்த பெயர்கள் கண்ணில் படும். பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க நல்ல இடம். ஆனால் ஓட்டத்தின் தரத்தில் ஹாங்காங்கோடு போட்டி போட முடியாது.

ஹாங்காங்கில் இரண்டு மைதானங்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் ஹேப்பி வேலிக்கே போகிறார்கள். பெரும்பாலும் புதன்கிழமை இரவுப் பந்தயம்; சுற்றிலும் அடுக்குமாடிகள், விளக்கு வெளிச்சம், கையில் பீர், பாட்டு. டிராமிலேயே போய் இறங்கலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வளைவுகள் நெருக்கம், கடைசி நேர்கோடு குட்டை. வெளிப்பக்க கேட் (புறப்படும் கூண்டு) கிடைத்த குதிரை பாவம், எவ்வளவு வலுவிருந்தாலும் திணறும்.

என் ஓட்டு இன்னொரு மைதானமான, 1978-இல் திறந்த ஷா டின்னுக்கு. தடம் அகலம், கடைசி நேர்கோடு 430 மீட்டர். பின்னால் வரும் குதிரை வேகம் பிடித்து முந்துவதற்கு இடம் இருக்கிறது, முந்துவதை நாம் நின்று ரசிக்க நேரமும் இருக்கிறது. 26 பந்தயங்களை வென்ற கோல்டன் சிக்ஸ்டி என்ற குதிரை கடைசியில் பாய்ந்து பாய்ந்து ஜெயித்தது பெரும்பாலும் இங்கேதான். கிராஞ்சியில் இடப்பக்கம் திரும்பி ஓடியே பார்த்த கண்ணுக்கு, இங்கே வலப்பக்கம் ஓடுவது பழக இரண்டு மூன்று பந்தயம் ஆகும். அப்புறம், ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டம், இடைநேரம் (ஓட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரம்), மருத்துவ விவரம் எல்லாமே அங்கே பந்தயம் நடத்தும் ஜாக்கி கிளப்பின் இணையதளத்தில் இலவசம். முதல் நாள் இரவே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனால் பந்தயம் வேறு மாதிரி தெரியும்.

டிசம்பரில் நடக்கும் சர்வதேசப் பந்தய நாளில் நான்கு முதல்தரக் கோப்பைகளுக்கும் ஷா டின்தான் களம். முதல் பயணத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் மட்டும் டிக்கெட் போட வேண்டாம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே பந்தயம் கிடையாது.