ஸ்லைடு ஷீட் வாங்கலாமா? ஆறு மாதம் போட்டுப் பார்த்துவிட்டேன்

பதினான்கு வருடம் மருத்துவமனை வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தேன். இப்போது பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு முதியோர் காப்பகத்தில் வேலை. இடுப்பில், வலது பக்கம், ஐந்து வருடமாக வலி. இரவு ஷிப்ட் முடிந்து பட்டர்வொர்த் ஃபெர்ரியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளும்.

ஸ்லைடு ஷீட் என்பது படுத்திருப்பவரைத் தூக்காமல் கட்டிலில் நகர்த்த அடியில் விரிக்கும் வழுக்குத் துணி. அதற்கு முன் இடுப்புப் பெல்ட்தான் வாங்கினேன். அதைக் கட்டியதும் இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்று தைரியம் வந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. வலியில்லாத தொழிலாளிகளுக்கு அடிபடாமல் பெல்ட் காக்கும் என்பது நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994இலேயே சொல்லிவிட்டது. அங்கு ஆய்வாளராக இருந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் ஒரு கணக்கு கொடுத்தார்: நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மீது விழும் பாரம் சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது. எங்கள் காப்பகத்தில் இருக்கும் ஐயா ஒருவர் 82 கிலோ. அவருடைய ஒரு கால் மட்டுமே 13 கிலோ பக்கம் வரும். அவருக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் டிரா ஷீட்டைப் பிடித்து அவரை மேலே இழுத்த ஒவ்வொரு தடவையும் என் முதுகுதான் விலை கொடுத்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன். கொம்தார் பக்கத்தில் ஒரு மருத்துவப் பொருள் கடையில் இரண்டு ஸ்லைடு ஷீட், 130 மலேசிய வெள்ளி. இரண்டு பக்கமும் திறந்த நைலான் உறை, உள்பக்கம் வழவழவென்று இருக்கும். ஐயாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாதியைச் சுருட்டி முதுகோரம் செருகி, மறுபக்கம் திருப்பி விரிப்போம். துணியின் உள்பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் அவரைத் தூக்கவே வேண்டாம். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, ஒரு காலை முன்வைத்து, உடம்பின் கனத்தைப் பின்காலுக்கு மாற்றினாலே அவர் நகர்ந்து வந்துவிடுகிறார். முதல் நாள் நானும் என்னோடு ஷிப்டில் இருந்த தங்கச்சியும் பழக்கதோஷத்தில் பலமாக இழுத்துவிட்டோம், ஐயாவின் தலை கட்டில் பலகையை இடிக்கப் பார்த்தது. மெதுவாக இழுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரு ஆளால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். வேலை முடிந்ததும் உருவி எடுத்தே ஆக வேண்டும், அடியில் விட்டால் அவர் கட்டிலிலிருந்து சறுக்கி விழுவார். ஒருவருடையதை இன்னொருவருக்குப் போடாதீர்கள், துவைக்கும்போது கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்காலிக்கு மாற்ற இது உதவாது, அதற்கு ஆளைத் தூக்கும் இயந்திரமான ஹாய்ஸ்ட்தான்.

வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபெர்ரியில் எழுந்திருப்பது எளிதாகிவிட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முதுகு வலிக்கும் நாளில் மணியையே பார்த்துக்கொண்டு, ஐயா பேச ஆரம்பித்தால் "அப்புறம் வருகிறேன்" என்று நழுவிவிடுவேன். பல வருடம் அப்படித்தான் ஓடியது. எனக்கு இந்த வேலையில் மனம் விட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இப்போது அவரைத் திருப்பிப் படுக்க வைத்த பிறகும் என்னால் நிற்க முடிகிறது. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே அவர் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போன கதையைப் போன வாரம்தான் முழுதாகக் கேட்டேன்.

இதை மிஸ்ஸிகள் சொந்தக் காசில் வாங்கக் கூடாது, காப்பகம்தான் வாங்கித் தர வேண்டும். கேளுங்கள். கேட்கும்போது ஒரு முதியவருக்கு இரண்டாகக் கேளுங்கள், ஒன்று எப்போதும் துவைக்கப் போயிருக்கும்.