மக்கள்தொகைக் கணக்கா, விதவை ஓய்வூதியக் கோப்பா?

அமெரிக்காவின் ஒஹாயோ, அயோவா பண்ணைகளில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாட்டியை ஆவணங்களில் தேடுவோர், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலா, இறந்த போர்வீரரின் மனைவி அரசிடம் ஓய்வூதியம் கேட்டபோது சேர்ந்த கோப்பிலா, எதில் தொடங்குவது என்று தயங்குகிறார்கள்.

செலவு: கணக்கெடுப்புத் தாள்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கோப்பின் நகலை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெரும்பாலும் பணம் கட்டித்தான் பெற வேண்டும்.

பெயர்: 1850க்கு முந்தைய கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும், மனைவி வயதுக் கட்டத்தில் ஓர் எண். இது எனக்கு இன்றும் வலிக்கிறது. கோப்பிலோ திருமணச் சான்று இருக்கும். அதன்வழி பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரும் தெரியவரும்.

இடைவெளி: 1890 கணக்கெடுப்பு 1921 தீவிபத்தில் சேதமடைந்து, பிறகு அழிக்கப்பட்டு, பெரும்பாலும் இல்லாமற்போனது. 1880க்கும் 1900க்கும் நடுவே மணமாகிப் பெயர் மாறிய பெண்ணைத் தொடர்வது கடினம்.

ஆழம்: 1900 கணக்கெடுப்பு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர் எத்தனை என்று கேட்டது. கோப்பில் பிள்ளைகளின் பிறந்த தேதிகள், அண்டை வீட்டாரின் சத்தியப் பத்திரங்கள், சில சமயம் அவளுடைய சொந்த வாக்குமூலமே இருக்கும். அதற்கு ஈடு வேறில்லை.

கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்பில் போரிட்டவர், அவருக்குப் பின் அவள் ஓய்வூதியம் கேட்டவள் என்றால் கோப்புக்குச் செலவழியுங்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கணக்கெடுப்பே வழி. அதோடு மாவட்டத் திருமணப் பதிவேட்டையும் பாருங்கள்.