திருகோணமலைக்கு வந்த இரண்டு போர்கள்: 1782, 1942

பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மான்கள் கையருகே வந்து நிற்கும். 1782இல் இதே கோட்டை இரண்டு தடவை கைமாறியது: சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கு, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரருக்கு. துறைமுக ஆசைதான் காரணம் என்று நம்மூரில் சொல்வார்கள். படைகள் இங்கே வந்ததற்கு அது காரணம், சரி. போர் மூண்டதற்கு அல்ல. அமெரிக்கக் கிளர்ச்சியாளருக்கு ஒல்லாந்த வணிகர் ஆயுதம் விற்றது பிரித்தானியாவின் பெரிய கோபம். 1780 டிசம்பரில் அது ஒல்லாந்தர்மீது போர் அறிவித்தது.

1942இல் யப்பானியர் இங்கே வந்து தாக்கியதன் வேர் எண்ணெய். நம்மூர்ச் சீனன்குடாவில் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் எண்ணெய்க் குதங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். 1937 முதல் சீனாவில் போரிட்ட யப்பான், 1941 யூலையில் தெற்கு இந்தோசீனாவிலும் படை இறக்கியது. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. யப்பான் வாங்கிய எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. இருப்பு கரையுமுன் எண்ணெய் வளமுள்ள ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளை (இன்றைய இந்தோனேசியா) பிடிப்பது, இல்லையேல் சீனாவை விட்டு விலகுவது என்ற நிலை. விலக மனமில்லை; போரைத் தேர்ந்தது.

முன்னது விற்றதால் வந்த சண்டை, பின்னது விற்க மறுத்ததால் பெருத்த சண்டை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது. பின்வாங்க அப்போது வழி இருந்தது. 1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின் மேல் வந்தன.