250 ஜிடிஓ நகல்: ஃபெராரியை அறுத்ததா, டட்சனைப் போர்த்தியதா?

ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பந்தயக் கார் மொத்தமே 36தான், 1962 முதல் 1964 வரை. அதில் ஒன்று 2018இல் அமெரிக்காவின் மான்டரே ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அதனால் ஆசை இருக்கிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் நகல்தான் வழி. அதில் பழைய போட்டி இரண்டுக்கும் இடையில்: ஃபெராரி 250 ஜிடிஇ என்ற நான்கு பேர் காரை அறுத்துச் செய்வது ஒன்று, டட்சன் 240இசட் என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபைபர் பாடி போர்த்துவது இன்னொன்று.

முதலில் இன்ஜின், ஏனென்றால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஜிடிஇயில் இருப்பதும் ஃபெராரி பொறியாளர் கொலம்போ வடிவமைத்த அதே 3 லிட்டர் வி12 குடும்பம்தான். ஜிடிஓவில் சுமார் 300 குதிரைத்திறன், ஜிடிஇயில் 240 அளவில். மூன்று கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஆறு வெபர் கார்புரேட்டர் போட்டு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் மாற்றினால் இடைவெளி பெருமளவு குறைந்துவிடும், சத்தமும் 12 சிலிண்டர் சத்தமாகவே வரும். டட்சனின் 2.4 லிட்டர் ஆறு சிலிண்டரும் நல்ல இன்ஜின்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது டட்சன், அவ்வளவுதான்.

ஆனால் ஜிடிஇ நகல்காரர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. அசல் ஜிடிஓவில் ட்ரை சம்ப், அதாவது ஆயில் தனி டேங்கில் இருக்கும்; இன்ஜினுக்கு அடியில் ஆழமான தொட்டி தேவையில்லை என்பதால் இன்ஜினைத் தாழ்த்தி, பின்னால் தள்ளி வைத்தார்கள். அந்தத் தட்டையான பானெட் அதனால்தான் சாத்தியமானது. ஜிடிஇ இன்ஜினை அப்படியே வைத்தால் அது உயரமாக உட்காரும், பானெட்டும் கூடவே எழும்பும். நகலைப் பார்க்கப் போனால் நான் முதலில் குனிந்து பார்ப்பது மூக்குக்கும் விண்ட்ஸ்கிரீனுக்கும் நடுவில் ஓடும் அந்தக் கோட்டைத்தான்.

அளவுக் கணக்கில் இரண்டுமே இடிக்கும். ஜிடிஓவின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2400 மில்லிமீட்டர். ஜிடிஇக்கு 2600, எனவே சேஸியில் 200 வெட்ட வேண்டும். டட்சனுக்கு 2305, அதாவது 95 குறைவு, தவிர நகல் செய்ய விற்கும் பாடி கிட்டுகள் பலவற்றில் கதவும் விண்ட்ஸ்கிரீனும் டட்சனுடையதே. மூக்கில் அந்த மூன்று சின்னக் காற்றுத் துளைகள், பின்னால் வெட்டிவிட்ட வால், எல்லாம் சரியாக இருக்கும். பக்கவாட்டில் நின்றால் கூரை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். அசல் ஜிடிஓவுக்குப் பாடி செய்த ஸ்காலியெட்டி பட்டறையில் அலுமினியத்தைக் கையால் தட்டியதில் இடது வலது கூட ஒன்றுபோல் இருக்காது, ஆனால் அச்சில் வார்த்த ஃபைபர் ரொம்பவே ஒழுங்கு.

ஓட்டுவதில்தான் வேடிக்கை. 1962, 1963 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம் பிடித்த ஜிடிஓவுக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை ஆக்சிலும்தான். டட்சனுக்கோ நான்கு சக்கரத்திலும் தனித்தனி சஸ்பென்ஷன். மேடு பள்ளத்தில் டட்சன் நகல் அசலை விட நிதானமாகப் போகும் என்றால் ஃபெராரி ஆட்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அப்புறம் மனசாட்சிக் கணக்கு. ஜிடிஇ சுமார் 950 கார்கள் வந்தன, ரொம்ப நாள் மலிவாகக் கிடைத்த வி12 ஃபெராரி அது, அதனால்தான் இத்தனை அறுபட்டன. இன்று முழுதாக இருக்கும் ஒரு ஜிடிஇயை இதற்காக வெட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எப்போதோ அறுத்து முடித்த நகல் விற்பனைக்கு வந்தால், பணமும் இருந்தால், தயங்காமல் அதையே எடுங்கள். புதிதாகச் செய்யப் போகிறவருக்கு டட்சன்தான், மூக்கில் ஃபெராரியின் குதிரைச் சின்னம் ஒட்டாத டட்சன். சட்டமும் குறுக்கே வரலாம்: 2019இல் இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவத்தைக் கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொண்டது. எந்த நாட்டில் பதிவு செய்யப் போகிறீர்கள் என்பதை அச்சுக்குப் பணம் கட்டும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.