தட்டா, மரபணுவா? வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு எது சரி

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு பாட்டில் தண்ணீர், வெளியே கடலில் ஒரு பாட்டில். எதில் பாக்டீரியா வகைகள் அதிகம்? தெரிந்துகொள்ள இரண்டு வழி: அகார் என்ற சத்துக் கூழ் ஊற்றிய தட்டில் வளர்த்துப் பார்க்கலாம், அல்லது வடிகட்டியில் தங்கும் டிஎன்ஏவை எடுத்து எல்லாப் பாக்டீரியாவிலும் இருந்து வகைக்கு வகை கொஞ்சம் மாறும் 16எஸ் மரபணுவைப் படிக்கலாம்.

தட்டு மலிவு. மரைன் அகாரில் 0.1 மில்லி பரப்பி இரண்டு நாள் வைத்தால் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என்று புள்ளி புள்ளியாக முளைக்கும். முகத்துவாரத் தட்டு நெருக்கமாக இருக்கும், கடல் தட்டு பாதி காலி. கழிமுகம்தான் வளம் என்று உடனே எழுதத் தோன்றும். நானும் எழுதியிருக்கிறேன்.

சிக்கல் அங்கேதான். நுண்ணோக்கியில் எண்ணும் செல்களில் எத்தனை தட்டில் வளரும் என்று 1995-இல் ஆமானும் சக ஆய்வாளர்களும் தொகுத்த அட்டவணை இருக்கிறது. கடல்நீரில் 0.001 முதல் 0.1 சதவீதம், மாசில்லாத கழிமுக நீரில் 0.1 முதல் 3 சதவீதம். ஆக, இரண்டு பாட்டிலிலும் ஒரே அளவு உயிர் இருந்தாலும் தட்டு கழிமுகத்தைத்தான் ஜெயிக்க வைக்கும். கடலில் மலிந்து கிடக்கும் எஸ்ஏஆர்11 என்ற பாக்டீரியாக் கூட்டம் பற்றாக்குறைக்குப் பழகியது. அகார் என்ற விருந்து அதற்கு ஆகாது. 1990-இல் மரபணு மூலம் தெரியவந்த அதை 2002-இல்தான் வளர்க்க முடிந்தது, அதுவும் அகாரில் இல்லை, கிருமி நீக்கிய கடல்நீரிலேயே.

அப்போ மரபணு நடுநிலையா? முழுக்க இல்லை. விப்ரியோ என்ற பாக்டீரியாவில் 16எஸ் சுமார் பத்துப் பிரதி இருக்கும், எஸ்ஏஆர்11-இல் ஒன்றே ஒன்று. ஒரு விப்ரியோ பத்து ஆள் போலத் தெரியும். செத்த செல்லின் டிஎன்ஏவும் கணக்கில் ஏறும். சேறு வேறு. 0.22 மைக்ரான் வடிகட்டியில் கடல்நீர் லிட்டர் கணக்கில் இறங்கும். மழைக்காலத்து ஆற்றுநீரோ கொஞ்சம் ஊற்றியதுமே தாள் காப்பி நிறமாகி அடைத்துக்கொள்ளும். அதிலுள்ள மக்கிய பொருள், டிஎன்ஏவைப் பல பிரதியாகப் பெருக்கும் பிசிஆர் வேலையையும் கெடுக்கும்.

இருந்தும் இரண்டு இடங்களை ஒப்பிடத்தான் வேலை என்றால் என் ஓட்டு மரபணுவுக்கு. ஒரு நிபந்தனை: தண்ணீர் எடுக்கும் அதே நிமிடத்தில் உப்புத்தன்மையை அளந்து எழுதுங்கள். எந்தப் பாக்டீரியா எங்கே என்பதை வெப்பத்தைவிட உப்புதான் அதிகம் தீர்மானிக்கிறது என்று 2007-இல் லோசுபோனும் நைட்டும் உலகளாவிய தரவில் காட்டினார்கள். கடல் ஏற்றத்தில் எடுத்ததும் வற்றத்தில் எடுத்ததும் ஒரே இடம் ஆகாது.

இறால் பண்ணைக்காரர் கேட்டால் பதில் வேறு. விப்ரியோவைப் பொறுக்கி வளர்க்கும் டிசிபிஎஸ் அகார் தட்டு போடுங்கள். மஞ்சள் புள்ளி, பச்சைப் புள்ளி என்று மறுநாளே விப்ரியோ கண்ணுக்குத் தெரியும். அதில் ஒன்றைக் கிள்ளி வளர்த்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று சோதிக்கலாம், கிளிசராலில் உறையவைத்து அடுத்த வருடமும் எடுக்கலாம். டிஎன்ஏ வரிசையை வைத்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது.